பொம்மைக்கு வலிக்கும் இடம்

மீனாட்சியின் இடது கன்னத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. வரிசை பிசகாமல் காதோரத்தில் இருந்து தாடை வரை.

2023 நவராத்திரி அக்டோபர் 15-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு மூன்று நாள் முன்பு சென்னை நங்கநல்லூரில் இருந்து ஒரு மாமி அந்தப் படத்தை அனுப்பினார். திருக்கல்யாணக் கொலுப் பொம்மை செட்: சொக்கர், மீனாட்சி, தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள். மூன்றும் முழுதாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தன. விரல் நுனிகூட உதிரவில்லை. ஆனால் நான் நான்கு சுற்றுச் சுற்றி அனுப்பிய பபிள் ராப் என்ற பிளாஸ்டிக் தாளின் காற்றுக் குமிழ்கள் அந்தப் பச்சை முகத்தில் அச்சு அச்சாகப் பதிந்து, இரண்டு மூன்று இடங்களில் வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டன. "உடைந்து வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் அம்மா. இந்த முகத்தை எப்படிப் படியில் வைப்பேன்?" என்று எழுதியிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். 2019 முதல் விளாச்சேரிப் பொம்மைகளை இணையத்தில் விற்கிறேன். பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர் என்று விளாச்சேரியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். திருப்பரங்குன்றத்தை ஒட்டிய அந்த ஊரில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கின்றன. ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலுப் பொம்மை, மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் செட் என்று ஆண்டு முழுவதும் அங்கே வேலை இருக்கும். நான் நான்கு வீடுகளில் வாங்குகிறேன். வாங்கி வந்து, படம் எடுத்துப் போட்டு, கேட்டவர்களுக்குக் கட்டி அனுப்புவதுதான் என் தொழில். சரியாகச் சொன்னால் கட்டி அனுப்புவதுதான் என் தொழில். மற்றதெல்லாம் அவர்களுடையது.

தடம் விழுந்த காரணம் மறுநாள் புரிந்தது. கடைசி வாரத்து அவசரத்தில் எண்ணெய் வண்ணம் பூசி இரண்டே நாளில் கட்டியிருக்கிறேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல்தான் இருந்தது. அடிப்பூச்சில் ஈரம் இருந்திருக்கிறது. வண்டிக்குள் வெயில் புழுங்க, பிளாஸ்டிக்குக்குள் காற்று போக வழியில்லாமல் வண்ணம் இளகிக் குமிழோடு ஒட்டிக்கொண்டது. உடையாமல் காக்க வேண்டியது முகத்தைத் தின்றுவிட்டது.

வேறு செட் வாங்க விளாச்சேரிக்குப் போனேன். எனக்குப் பொம்மை செய்து தரும் வேளார் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வீட்டுக் களத்தில் அடுத்த வேலைக்கு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். கண்மாய் மண்ணை ஊறவைத்து, காலால் மிதித்து, கல்லும் வேரும் பொறுக்கி எடுத்த பிறகுதான் அது அச்சுக்குள் போகும். பல ஆண்டுகளாக நான் பார்க்கிற வேலைதான். அன்று மட்டும் அவர் பொறுக்கிப் போட்ட குவியல் கண்ணில் பட்டது. பால் பாக்கெட்டின் கத்தரித்த மூலை ஒன்று. பாக்குப் பொட்டலம். நீலக் கயிற்று இழை. கறுப்புப் பையின் கிழிசல், நாடா மாதிரி நீளமாக. கல்லைவிட அந்தக் குவியலில் இவைதான் அதிகம்.

"கல்லைக் காலே சொல்லிவிடும். இது வழுக்கிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும்" என்றார் அண்ணன். மண்ணோடு மண்ணாகப் பொம்மைக்குள் போன பிளாஸ்டிக் துணுக்கு, சூளையில் எரிந்து அங்கே ஒரு பொந்து உண்டாகிவிடுமாம். வெளியே ஒன்றும் தெரியாது. வண்ணம் பூசினால் இன்னும் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள் தூக்கி வைக்கும்போது முழங்காலோடு ஒடிந்து கையில் வரும். உடைந்த ஒரு காலை எடுத்துக் காட்டினார். உட்புறத்தில் உளுந்து நுழையும் அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றிக் கரி படிந்த வளையம்.

அந்தக் காலைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்றும் என் மேசையில் இருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது, பிளாஸ்டிக்கைச் சாலை போடத்தான் எடுத்துக்கொள்கிறார்களே என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்திலேயே, திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியில்தான் பேராசிரியர் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2006-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரைக்காரர்கள் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஆனால் அதற்குப் பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்து, சேர்த்து, ஓரிடத்துக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். நான் அனுப்பிய பபிள் ராப் புனேயில் ஒரு வீட்டுக் குப்பைக்கூடையிலும், சேலத்தில் ஒரு வாசலிலும் கிடக்கிறது. அதை யார் பிரிப்பார்கள்? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் பபிள் ராப் இல்லை. சட்டம் என்னைத் தடுக்கவில்லை என்பதற்காக அந்தக் குவியலை மறக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பருவம் முடிந்து, கார்த்திகையில் அண்ணனின் தாயாரிடம் போய் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் அவர் அப்பத்தா. வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அந்தக் காலத்தில் பொம்மைகளைக் கூண்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள். கல்லும் குழியுமான பாதையில் வண்டி குலுங்கிப் போனபோது என்ன வைத்துக் கட்டினீர்கள் என்று கேட்டேன். வேறென்ன, வைக்கோல்தான் என்றார். எனக்கும் அது தெரியும். வைக்கோலை வைத்து எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் தெரியாது.

முதலில் என்னைக் கட்டிக் காட்டச் சொன்னார். ஒரு வேணுகோபாலனை எடுத்து, கீழே வைக்கோல் பரப்பி, மேலேயும் அள்ளிப் போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "தாயி, பொம்மைக்கு எங்கே வலிக்கும் என்று தெரியாமல் கட்டுகிறாயே" என்றார். பிரித்துப் பார்த்தால் புல்லாங்குழலின் முனை விண்டிருந்தது. ஒடித்தது நான் போட்ட சணல் முடிச்சு.

பிறகு அவர் கட்டினார். அந்தக் கைகளை நான் அன்று பார்த்த மாதிரியே எழுத ஆசைப்படுகிறேன். முதலில் ஒரு பிடி வைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டி விரல் தடிமனுக்குப் பிரி திரித்தார். அதை வளைத்து முடிந்து, பானைக்கு வைக்கிற பிரிமணை மாதிரி ஒன்று செய்து பொம்மையை அதன் மேல் உட்காரவைத்தார். அடுத்து கழுத்துப் பள்ளம். தாடைக்கும் தோளுக்கும் இடையில் மெல்லிய பிரியை இரண்டு சுற்றுச் சுற்றித் தலையும் தோளும் ஒரே மட்டமாக வரும்வரை நிரப்பினார். பிறகு கைக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள சந்து. பிறகு குழலுக்கும் உதட்டுக்கும் நடுவில், சின்னஞ்சிறு வைக்கோல் துணுக்குகளைக் கசக்கி, குழந்தைக்குப் பஞ்சு வைப்பதுபோல் வைத்தார். பள்ளத்தை எல்லாம் நிரப்பி முடித்த பிறகுதான் மேலே சுற்றத் தொடங்கினார். துருத்திக்கொண்டிருந்த இடம் எதையும் இறுக்கவில்லை. இடுப்பிலும் பீடத்திலும் மட்டும்தான் கட்டு விழுந்தது. மூக்கு, விரல், குழல், மயிற்பீலி, இவை மேல் ஒரு பாரமும் இல்லை. சுற்றி முடித்த பொட்டலத்தை என் மடியில் உருட்டிவிட்டார்.

பபிள் ராப் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அழுத்துகிறது. ஐந்து ஆண்டு கட்டியும் பொம்மையின் உடம்பை நான் படிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். சுற்றினால் போதும் என்றிருந்தது.

வைக்கோல் கிடைப்பது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கும் படப்பு தெரிகிறது, ஆனால் இயந்திரம் அறுத்த வைக்கோல் பிரி திரிக்க உதவாது. நசுங்கி, துண்டு துண்டாகி, கையில் எடுத்தால் கூளமாக உதிர்கிறது. இயந்திரம் உருட்டித் தரும் கட்டுகளும் அப்படித்தான். அரிவாளால் அறுத்துக் களத்தில் அடித்த நீள வைக்கோல்தான் வேண்டும். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இயந்திரம் நுழைய முடியாத சின்ன வயல்கள் சில இருக்கின்றன. அங்கே ஒரு விவசாயியிடம் சொல்லிவைத்து வாங்குகிறேன். வந்ததை அப்படியே கட்டினால் பூச்சி வரும், மக்கிய வாடை அடிக்கும். மொட்டை மாடியில் மூன்று நாள் நல்ல வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, உதறிச் சல்லடைத் தட்டில் தட்டித் தூசி போக்கி, கோணிச் சாக்கில் கட்டி வைக்கிறேன். முகத்தில் வைக்கோல் நேராகப் பட்டால் கீறும் என்பதால் முதலில் பருத்தித் துணி ஒன்றைப் போர்த்துகிறேன். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர்களிடம் வெட்டுத்துணி வாங்குவேன். வண்ணம் பூசிப் பத்து நாள் ஆகாத பொம்மையை இப்போது யார் கேட்டாலும் அனுப்புவதில்லை.

டேப்பை விடுவதற்குள்தான் மிகவும் சிரமப்பட்டேன். பழுப்பு நிற பிளாஸ்டிக் டேப் வேண்டாம் என்று மைதாப் பசை காய்ச்சிக் காகிதப் பட்டையை ஒட்டினேன். நன்றாகத்தான் ஒட்டியது. ஒரே வாரத்தில் கரப்பான் வந்து தின்றது. புத்தகம் பைண்டு செய்கிறவர் ஒருவர், பசையில் துளி மயில்துத்தம் சேர்க்கச் சொன்னார். அது விஷம். குழந்தைகள் கைபடும் பெட்டியில் அதைச் சேர்க்க மனம் வரவில்லை. கடைசியில் பின்புறம் பசை தடவி வரும் காகித டேப்புக்கு வந்து சேர்ந்தேன். தண்ணீர் தொட்டு ஒட்டினால் அட்டையோடு அட்டையாகப் பிடித்துக்கொள்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் போடும்போது டேப்பை உரிக்கத் தேவையில்லை, இரண்டும் சேர்ந்தே கூழாகிவிடும். முகவரிச் சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறையைக் கைவிட்டுவிட்டேன். காகிதத்தில் அச்சிட்டு நேராகப் பெட்டியில் ஒட்டுகிறேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தான். கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். நிஜ எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பணம். பத்துப் பொம்மை கொண்ட தசாவதார செட்டை பபிள் ராப்பில் சுற்றியபோது 40, 30, 25 அளவுள்ள பெட்டி போதுமாக இருந்தது. கணக்கு எடை 6 கிலோ. நிஜ எடையும் கிட்டத்தட்ட அதுதான். வைக்கோலில் கட்டியதும் பெட்டி 45, 35, 30 ஆனது. கணக்கு எடை 9.45 கிலோ. மூன்றரைக் கிலோவுக்கு வெறும் காற்றைச் சுமந்ததற்காகப் பணம் கட்டினேன். முதல் இரண்டு மாதம் இதில் கை நன்றாகவே கடித்தது.

விட்டுவிடலாம் என்று நினைத்த வேளையில் மேசையில் இருந்த உடைந்த கால் கண்ணில் படும். பழைய அட்டைகளை வெட்டி, முட்டைத் தட்டு மாதிரி பெட்டிக்குள் பத்து அறைகள் பிரித்துப் பார்த்தேன். பொம்மைகள் ஒன்றோடு ஒன்று மோத வழியில்லை என்பதால் வைக்கோலை மெல்லிசாகச் சுற்றினால் போதும் என்றாகிவிட்டது. இப்போது பெட்டி 42, 32, 26. கணக்கு எடை 7 கிலோவுக்குள் வந்துவிட்டது. அந்த ஒரு கிலோவை வாங்குகிறவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி விலையில் சேர்த்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மழை இன்னொரு கதை. 2024-இல் கோழிக்கோட்டுக்குப் போன பெட்டி ஒன்று எங்கோ ஈரத் தரையில் உட்கார்ந்து, அடியட்டை ஊறிப் பிளந்து, மச்சாவதாரம் மட்டும் வழியில் தொலைந்துபோனது. கூரியர் அலுவலகத்தில், பிளாஸ்டிக் உறை போடாததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். என் அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அந்தக் காலத்தில் தபாலில் பார்சல் அனுப்பும்போது காடாத் துணியில் வைத்துத் தைத்து, தையல் மேல் அரக்கு வைப்பார்களே, மறந்துவிட்டாயா என்றார். அடுத்த வாரமே விளக்குத்தூணில் காடாத் துணி எடுத்தேன். மழை மாதங்களில் போகும் பெட்டிகளைக் கோணி ஊசியால் தைத்துத்தான் அனுப்புகிறேன். துணி நனையத்தான் செய்யும். ஆனால் அட்டை ஊறினாலும் பெட்டி பிரியாது, பொருள் வழியில் சிந்தாது. ஒரு பெட்டி தைக்க இருபது நிமிடம் பிடிக்கிறது. முழுக்க நனைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. மெழுகு பூசிய காகிதத்தை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக்கு வைக்கோல் ஆகாது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பயிர்ப் பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று துறைமுகத்திலேயே தடுத்துவிடுவார்கள். அந்தப் பெட்டிகளுக்குக் கசக்கிய காகிதமும் அட்டைச் சுருளும்தான். நாளிதழை நேராகப் பொம்மை மேல் சுற்றினால் மை ஒட்டும், அதனால் அச்சிடாத பழுப்புக் காகிதம்.

வைக்கோல் பெட்டியைப் பிரித்துவிட்டு, கூடம் முழுக்கக் குப்பை என்று கோபப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். பத்தாவது மாடியில் வைக்கோலை என்ன செய்வது? இப்போது பெட்டிக்குள் ஒரு சீட்டு வைக்கிறேன். பொம்மையைக் கொலு முடிந்ததும் அதே துணியில், அதே வைக்கோலில், அதே அறையில் திரும்ப வைக்கச் சொல்லி. இதை நான் யோசித்ததே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கொலுப் பொம்மை படியில் இருப்பது ஒன்பது பத்து நாள். மீதி நாளெல்லாம் பரணில்தான். நம் பாட்டிமார் பழைய வேட்டியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார்கள். பபிள் ராப்போடு பரணில் ஏற்றினால் சித்திரை வெயிலில் முகம் என்ன ஆகும் என்று நங்கநல்லூர் மீனாட்சி ஏற்கெனவே காட்டிவிட்டாள்.

தூத்துக்குடிக்கு ஒரு குடில் செட் அனுப்பிய டிசம்பரில் அங்கிருந்து ஒரு படம் வந்தது. பெட்டியில் இருந்த வைக்கோலையே பரப்பிப் பாலன் இயேசுவைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆடுகளுக்கு அடியில் என் பிரிமணைகள் அப்படியே இருந்தன.

நங்கநல்லூர் மாமிக்கு அந்த ஆண்டே வேறு மீனாட்சியை அண்ணன் எழுதித் தந்தார், பஸ்ஸில் நானே மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தடம் விழுந்த மீனாட்சி விளாச்சேரிக்குத் திரும்பியது. அண்ணன் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பச்சை பூசினார். அது இப்போது எங்கள் வீட்டுக் கொலுவில் இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் கன்னத்தில் இரண்டு வட்டம் இன்னும் லேசாகத் தெரிகிறது.

நேற்றுச் சோழவந்தானில் இருந்து போன் வந்தது. வயலில் ஈரம் காயவில்லை, இந்த முறையும் கையறுப்புத்தான், தை கடைசியில் ஒரு வண்டி வைக்கோல் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாடியைக் கழுவி வைக்க வேண்டும். அப்பத்தாவிடமும் சொல்லியிருக்கிறேன், என் மகளுக்குப் பிரி திரிக்கப் பழக்க வருவதாக.